நண்பர் தராத வாடகைக்கு நான் பொறுப்பா?

கல்லூரி மாணவர்கள் சேர்ந்து எடுக்கும் வீடுகளின் வாடகை பாக்கி பற்றி அண்மையில் பல கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து இந்த இதழில் ஒன்றாகப் பதில் தருகிறேன். எழுதியவர்களின் பெயர்களை அவர்கள் விருப்பப்படி தவிர்த்திருக்கிறோம்.

கேள்வி: கோயம்புத்தூர் பீளமேட்டில் நானும் என் வகுப்புத் தோழர்கள் மூவரும் ஜூலை மாதம் முதல் பதினொரு மாத ஒப்பந்தத்தில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தோம். மாத வாடகை ரூ.20,000. ஆளுக்கு ரூ.15,000 போட்டு ரூ.60,000 அட்வான்ஸ் கொடுத்தோம். வாடகையில் ஆளுக்கு ரூ.5,000 என்பது எங்களுக்குள் பேச்சு. ஒப்பந்தத்தில் நால்வரும் கையெழுத்திட்டிருக்கிறோம். டிசம்பர் இறுதியில் ஒருவர் படிப்பை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். ஜனவரி இறுதியில் இன்னொருவருக்குப் பெங்களூருவில் இன்டர்ன்ஷிப் கிடைத்தது. அவரும் காலி செய்துவிட்டார். போனபின் இருவருமே பணம் அனுப்பவில்லை. நானும் எஞ்சிய நண்பரும் எங்கள் பங்கை ஒரு மாதமும் தவறாமல் ஜிபேயில் செலுத்தி வருகிறோம். இப்போது மார்ச் முடிய ரூ.25,000 பாக்கி என்று வீட்டு உரிமையாளர் எனக்கு மட்டும் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். கட்டாவிட்டால் மின் இணைப்பைத் துண்டிப்பேன் என்று நேரிலும் சொல்கிறார். என் பங்கில் ஒரு ரூபாய்கூடப் பாக்கி இல்லாதபோது என்னிடம் கேட்க முடியுமா?
— இறுதியாண்டு மாணவர், கோயம்புத்தூர்

பதில்: கேட்க முடியும். முழு ரூ.25,000-ஐயும் உங்கள் ஒருவரிடமே கேட்க முடியும். இந்தப் பதில் உங்களுக்கு வருத்தம் தரும் என்று தெரிந்தே முதலில் சொல்கிறேன். ஏனெனில் இதை ஏற்றுக்கொண்டு அடுத்த அடியை வைத்தால் பணத்தின் பெரும்பகுதியை மீட்டுக்கொள்ள வழியிருக்கிறது, மறுத்துக்கொண்டே நாளைக் கடத்தினால் வீட்டையும் சேர்த்து இழக்க நேரும்.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 43ஆவது பிரிவு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து ஒரு வாக்குறுதி அளித்தால், அந்த வாக்குறுதி முழுவதையும் நிறைவேற்றுமாறு அவர்களில் எவரையும், ஒருவரையோ பலரையோ, வாக்குறுதி பெற்றவர் கட்டாயப்படுத்தலாம் என்கிறது. இதற்கு மாறாக ஒப்பந்தத்திலேயே வெளிப்படையாக எழுதியிருந்தால் மட்டுமே விலக்கு. உங்கள் ஒப்பந்தத்தில் இருப்பது ரூ.20,000 என்ற ஒரே தொகை. அதைத் தருவதாக நால்வரும் சேர்ந்து ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். ‘ஆளுக்கு ஐயாயிரம்’ என்பது நீங்கள் நால்வரும் உங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. உரிமையாளர் அதில் ஒரு தரப்பாக இல்லை. பத்திரங்களில் வழக்கமாக எழுதப்படும் ‘கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவோம்’ என்ற வாசகம் உங்கள் ஒப்பந்தத்தில் இல்லை என்பதும் உங்களைக் காப்பாற்றாது. அந்த வாசகம் இல்லாத இடத்திலும் சட்டமே அதே பொறுப்பை விதித்துவிடுகிறது.

ஒவ்வொருவரும் தனித்தனியாக ரூ.5,000 அனுப்பியதை உரிமையாளர் இத்தனை மாதங்கள் வாங்கிக்கொண்டாரே, அதனால் நான்கு தனி வாடகைகளை அவர் ஏற்றுக்கொண்டதாக ஆகாதா என்ற கேள்வி உங்களுக்கு எழலாம். ஒரு தொகையை நான்கு தவணைகளாகவோ நான்கு கைகளிலிருந்தோ பெற்றுக்கொள்வது மட்டுமே ஒப்பந்தத்தை மாற்றிவிடாது. ‘இனி அவரவர் பங்குக்கு அவரவரே பொறுப்பு’ என்று அவர் எழுதிக்கொடுத்திருந்தாலோ, வாட்ஸ்அப்பில் அப்படி ஒப்புக்கொண்டிருந்தாலோ நிலைமை வேறு; பழைய செய்திகளை ஒருமுறை தேடிப் பாருங்கள்.

நால்வரில் உங்களை மட்டும் அவர் ஏன் தேர்ந்தெடுத்தார் என்று சட்டம் கேட்பதில்லை. வீட்டிலேயே இருப்பவர், தொலைபேசியை எடுப்பவர், இதுவரை ஒழுங்காகக் கட்டியவர் ஆகியோரிடமே பாக்கி முதலில் வந்து நிற்கிறது என்பதை இத்தகைய வழக்குகளில் தொடர்ந்து பார்க்கிறேன். உரிமையாளருக்கு முழு வாடகையும் சேர வேண்டும் என்ற விதியோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால் பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளைகளிடம் ஒப்பந்தத்தை நீட்டும் தரகரும் உரிமையாளரும், ‘நண்பன் ஓடிப்போனால் அவன் பங்கும் உன் தலையில்’ என்ற ஒரு வாக்கியத்தை வாய்திறந்து சொல்லிவிட்டுக் கையெழுத்து வாங்கினால், இந்தக் கடிதங்களில் பாதி எனக்கு வந்திருக்காது.

இனி உங்கள் கணக்கு. உரிமையாளருக்கு எதிரே பொறுப்பு முழுமையானது என்றாலும், உங்களுக்குள் அது பங்குப் பொறுப்புதான். முழுத் தொகையைச் செலுத்தியவர் மற்றவர்களிடமிருந்து அவரவர் பங்கைக் கேட்டுப் பெறும் உரிமையை அதே 43ஆவது பிரிவு தருகிறது. நீங்கள் ரூ.25,000 செலுத்தினால், ஊருக்குப் போன நண்பரிடமிருந்து ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ரூ.15,000, பெங்களூரு சென்றவரிடமிருந்து பிப்ரவரி, மார்ச் மாதங்களுக்கு ரூ.10,000 கேட்கலாம்.

ஒருவரால் தரவே இயலாது என்றால் என்ன ஆகும் என்பதையும் சட்டம் முன்கூட்டியே யோசித்து வைத்திருக்கிறது. தவறியவரின் பங்கால் ஏற்படும் நட்டத்தை எஞ்சியவர்கள் சமமாகத் தாங்க வேண்டும். பிரிவின் கீழே சட்டமே தரும் எடுத்துக்காட்டில் மூவர் சேர்ந்து ரூ.3,000 கடன்படுகிறார்கள், ஒருவர் முழுவதையும் செலுத்துகிறார், மற்றொருவர் திவாலாகித் தம் கடன்களில் பாதியைத் தீர்க்கும் அளவுக்கே சொத்து வைத்திருக்கிறார். செலுத்தியவருக்குத் திவாலானவரின் சொத்திலிருந்து ரூ.500, மூன்றாமவரிடமிருந்து ரூ.1,250 கிடைக்கும். இதே முறையில் பார்த்தால், ஊருக்குப் போன உங்கள் நண்பரிடமிருந்து எதுவுமே பெற முடியாத நிலை வந்தாலும் அவருடைய ரூ.15,000 உங்கள் ஒருவர் மீது விழாது. எஞ்சிய மூவருக்கும் ஆளுக்கு ரூ.5,000 என்று பிரியும். பெங்களூரு நண்பர் ரூ.15,000, உங்களுடன் தங்கியிருப்பவர் ரூ.5,000 தர வேண்டும். உங்கள் நட்டம் ரூ.5,000-உடன் நிற்கும். தம் பங்கை ஒழுங்காகக் கட்டி வந்த நண்பரும் இதில் பங்கேற்க வேண்டும் என்பதை அவரிடம் இப்போதே பொறுமையாக விளக்கிவிடுங்கள். பாக்கியைத் தனியாகச் சுமக்காமல் இருவரும் சேர்ந்தே கட்டுவது நல்லது.

அடுத்து அட்வான்ஸ். ரூ.60,000 அவர் கையில் இருக்கும்போது ரூ.25,000-க்கு நோட்டீஸ் எதற்கு என்று நினைப்பது இயல்பு. ஆனால் அட்வான்ஸ் என்பது காலி செய்யும் நாளில் வாடகை பாக்கி, சேதம் முதலியவற்றைக் கழிப்பதற்காக வைத்திருக்கும் ஈட்டுத்தொகை. குடியிருக்கும் காலத்தில் ‘அதில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்று நீங்களாகவே முடிவு செய்து வாடகையை நிறுத்த இயலாது. அவர் சம்மதித்தால் இயலும். உங்கள் விஷயத்தில் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறுவதே எல்லோருக்கும் நல்ல தீர்வாகத் தோன்றுகிறது. ஒப்பந்தம் மே மாதத்தோடு முடிகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் சென்றவர்கள் தரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் மொத்தக் குறைவு ரூ.45,000, அட்வான்ஸ் அதைத் தாங்கும். மிஞ்சும் ரூ.15,000 உங்களுக்கும் உடனிருப்பவருக்கும் வர வேண்டிய ரூ.30,000-க்குப் பாதிதான். மீதி ரூ.15,000-இல் ஊருக்குப் போனவர் ரூ.10,000, பெங்களூரு சென்றவர் ரூ.5,000 உங்கள் இருவருக்கும் தர வேண்டியிருக்கும். வெள்ளையடிக்கும் செலவு, மின்கட்டண பாக்கி ஆகியவை இருந்தால் அவை தனி. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி, நோட்டீசுக்குப் பதிலாக வழக்கறிஞர் மூலமோ பதிவுத் தபாலிலோ உரிமையாளருக்கு அனுப்பி, எழுத்தில் சம்மதம் பெறுங்கள். சென்ற நண்பர்கள் தங்கள் அட்வான்ஸைத் தனியாகத் திருப்பித் தருமாறு அவரிடம் கேட்டால், கணக்கு முடியும் வரை தர வேண்டாம் என்றும் அதே கடிதத்தில் குறிப்பிடுங்கள்.

மின் இணைப்பைத் துண்டிக்கும் மிரட்டலுக்கு அஞ்ச வேண்டாம். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகியோரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்த 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டுச் சட்டம், குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதைத் தடை செய்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் மனுச் செய்யலாம். அதே சட்டம் அவருக்கும் ஒரு வழி தந்திருக்கிறது. இரண்டு மாத வாடகை பாக்கியாகி, கேட்பு அறிவிப்பு அனுப்பிய பின்னும் ஒரு மாதத்துக்குள் செலுத்தப்படாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வெளியேற்ற மனுத் தாக்கல் செய்யலாம். பாக்கி அந்த அளவை எட்டுமுன் பேசி முடியுங்கள். இறுதியாண்டுத் தேர்வு நடக்கும் வேளையில் வீடு தேடி அலைவது எந்தத் தொகையைவிடவும் பெரிய நட்டம்.

காலியான இடத்தில் புதிய நண்பர் ஒருவரைச் சேர்த்து வாடகையைச் சரிக்கட்டலாம் என்று தோன்றினால், உரிமையாளரின் எழுத்துபூர்வ ஒப்புதல் இல்லாமல் செய்யாதீர்கள். அனுமதியின்றி உள்வாடகைக்கு விட்டதாக அவர் குற்றம் சாட்ட இடம் தந்ததாகிவிடும். ஒப்புதல் தந்தால், போனவரை விடுவித்துப் புதியவரைச் சேர்க்கும் வகையில் உரிமையாளர், போனவர், இருப்பவர்கள், புதியவர் என எல்லோரும் கையெழுத்திட்ட புதிய ஒப்பந்தமே எழுதிக்கொள்ளுங்கள்.

நண்பர்களிடமிருந்து பணத்தை மீட்க உடனே உரிமையியல் வழக்குத் தொடுக்க வேண்டியதில்லை. முதலில், செலுத்திய தொகை, அவர் பங்கு, தர வேண்டிய நாள் மூன்றையும் குறிப்பிட்டு ஒரு கடிதம் அனுப்புங்கள். பயன் இல்லையென்றால், கோயம்புத்தூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய சமரச மனு ஒன்றைக் கொடுக்கலாம். நீதிமன்றக் கட்டணம் இல்லை; சமரசம் மக்கள் நீதிமன்றத்தில் பதிவானால் அது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் விவரம் கேட்கலாம். ஜிபே பதிவுகளையும் ‘அடுத்த வாரம் தருகிறேன்’ போன்ற செய்திகளையும் அழித்துவிடாதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய சட்டத்தின் கீழ், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்தால் அவை சாட்சியமாகும். ஊருக்குப் போன நண்பர் எந்தச் சூழலில் படிப்பை விட்டார் என்பதையும் கேட்டறிந்து, தவணையில் தர ஒப்புக்கொள்ள வையுங்கள். எழுதி வாங்கிய மாதம் ஆயிரம் ரூபாய், எழுதாத பத்தாயிரத்தைவிட உறுதியானது.

கேள்வி: என் மகன் தாம்பரத்தில் இரண்டு நண்பர்களுடன் வீடு எடுத்துத் தங்கிப் படிக்கிறான். ‘பேச்சிலர் பையன்களை நம்பித் தரமுடியாது, பெற்றோர் யாராவது கையெழுத்துப் போட வேண்டும்’ என்று உரிமையாளர் சொன்னதால், நான் சென்று ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்திட்டேன். இப்போது மற்ற இரண்டு பையன்களும் மூன்று மாதமாகப் பணம் தரவில்லை என்று என்னிடம் கேட்கிறார். அவர்கள் யார் என்றுகூட எனக்குத் தெரியாது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: எந்த இடத்தில், என்னவாகக் கையெழுத்திட்டீர்கள் என்பதில்தான் உங்கள் பொறுப்பு இருக்கிறது. ஒப்பந்தத்தின் நகலை எடுத்து, உங்கள் கையெழுத்துக்கு மேலே அச்சிட்டிருக்கும் சொல்லைப் பாருங்கள்.

‘சாட்சிகள்’ என்ற தலைப்பின் கீழ் இருந்தால், மற்றவர்கள் கையெழுத்திட்டதை நீங்கள் பார்த்தீர்கள் என்பது மட்டுமே பொருள். வாடகைக்கும் உங்களுக்கும் தொடர்பில்லை. அப்படியே பதில் எழுதிவிடலாம். பெற்றோரைச் சாட்சியாகக் கையெழுத்திட வைத்துவிட்டு, அவர் ஜாமீன் நின்றதாகப் பிறகு வாதிடும் உரிமையாளர்கள் பலர் இருக்கிறார்கள். அந்த வாதம் நிற்காது.

‘வாடகைதாரர்’ என்ற இடத்தில் உங்கள் பெயர் இருந்தால், கோயம்புத்தூர் மாணவருக்குச் சொன்னது உங்களுக்கும் அப்படியே பொருந்தும். ஒப்பந்தத்தில் வாடகைதாரராக நீங்கள் ஒருவர் மட்டுமே இருந்து, மூன்று மாணவர்களும் குடியிருப்பவர்கள் என்று மட்டும் குறிப்பிடப்பட்டிருந்தால் நிலைமை இன்னும் கடினம். உரிமையாளருக்கு வாடகை தருவதாக வாக்களித்தவர் நீங்கள் ஒருவரே. மற்ற இருவரிடம் கேட்க வேண்டுமானால், அவர்கள் உங்களிடமோ உங்கள் மகனிடமோ பங்கு தருவதாக ஒப்புக்கொண்டதை நீங்கள் நிரூபிக்க வேண்டும்.

‘உத்தரவாதம் அளிப்பவர்’ அல்லது ‘ஜாமீன்தாரர்’ என்று இருந்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் உங்களுடையது. ஒப்பந்தம் அதைக் குறைத்திருந்தால் குறைந்த அளவுக்கே பொறுப்பு. ‘என் மகனின் பங்குக்கு மட்டும்’ என்று எழுதப்படவில்லையென்றால், முகம் தெரியாத இரு பையன்களின் வாடகைக்கும் நீங்கள் ஜாமீன் நின்றிருக்கிறீர்கள். முதலில் பையன்களிடம் கேட்டுவிட்டு வாருங்கள் என்று உரிமையாளரைத் திருப்பியனுப்பவும் இயலாது.

ஆனால் ஜாமீன்தாரருக்கு, உடன் குடியிருந்தவருக்கு இல்லாத ஒரு பலம் உண்டு. உடன் குடியிருந்தவர் தம் பங்கு போக மீதியைத்தான் மற்றவர்களிடம் கேட்கலாம். ஜாமீன்தாரருக்கோ அந்தக் கடனில் சொந்தப் பங்கு என்று எதுவும் இல்லை. செலுத்திய தொகை முழுவதையும் வாடகைதாரர்களிடமிருந்து திரும்பப் பெறும் உரிமையை 145ஆவது பிரிவு தருகிறது, உரிமையாளருக்கு இருந்த உரிமைகள் அனைத்தும் உங்கள் கைக்கு வருவதாக 140ஆவது பிரிவு சொல்கிறது. பணம் கட்டும்போது, எந்தெந்த மாதப் பாக்கிக்காக, ஜாமீன்தாரர் என்ற முறையில் பெற்றுக்கொண்டேன் என்று உரிமையாளரிடம் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் உங்களைக் கேட்காமல் வாடகையை உயர்த்தியிருந்தாலோ விதிகளை மாற்றியிருந்தாலோ, 133ஆவது பிரிவின்படி அதன் பிந்தைய பாக்கிகளுக்கு நீங்கள் பொறுப்பில்லை. மாதவாரியாகக் கணக்குக் கேளுங்கள். அந்த இரு மாணவர்களின் பெற்றோரையும் தேடிப் பேசுங்கள். பிள்ளை பாக்கி வைத்த செய்தியே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கக்கூடும்.

கேள்வி: என் மகள் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் முதுகலை படிக்கிறாள். நான்கு பெண்கள் சேர்ந்து மாதம் 1,600 பவுண்டுக்கு ஒரு வீட்டை எடுத்தார்கள். லண்டனில் இருக்கும் என் தம்பி என் மகளுக்காக உத்தரவாதக் கையெழுத்திட்டான். அவர்களில் ஒரு பெண் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டாள். அவளுடைய மூன்று மாதப் பங்கான 1,200 பவுண்டை என் தம்பி கட்ட வேண்டும் என்று ஏஜென்சியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. மகளும் தம்பியும் என்ன செய்ய வேண்டும்?
— வாசகி, திருச்சிராப்பள்ளி

பதில்: இங்கிலாந்திலும் கூட்டு ஒப்பந்தத்தின் விதி ஏறக்குறைய இதுதான். நால்வரும் ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால், முழு வாடகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. நால்வருக்கும் அவரவர் அறைக்குத் தனித்தனி ஒப்பந்தம் இருந்தால், சென்றவரின் பாக்கி உங்கள் மகளைத் தொடாது. எனவே மகளிடம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாடகைதாரர் என்ற இடத்தில் எத்தனை பெயர்கள், வாடகை என்ற இடத்தில் 1,600 பவுண்டா 400 பவுண்டா என்பதைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

உங்கள் தம்பியின் பொறுப்பு அவர் கையெழுத்திட்ட உத்தரவாதப் பத்திரத்தின் வாசகத்தைப் பொறுத்தது. ‘வாடகைதாரர்களின் கடப்பாடுகள் அனைத்துக்கும்’ என்று இருந்தால் நால்வரின் பாக்கிக்கும் அவரைக் கேட்கலாம். உங்கள் மகளின் பெயரையும் அவள் பங்கையும் மட்டும் குறிப்பிட்டு எல்லை வகுத்திருந்தால், ஏஜென்சியின் கடிதத்துக்கு அந்த வரியையே மேற்கோள் காட்டி மறுத்துவிடலாம். பத்திரத்தின் முழு நகலைக் கேட்டு வாங்காமல் பணம் அனுப்ப வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். அக்காள் மகளுக்காக நம்பிக் கையெழுத்திட்ட மனிதரை மற்றொரு வீட்டுப் பெண்ணின் கடனுக்கு இழுப்பது எவ்வளவு வேதனை என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் அங்குள்ள நீதிமன்றம் எழுதியதைத்தான் பார்க்கும்.

பாதுகாப்பு வைப்புத்தொகையைப் பொறுத்தவரை, அங்கே ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் குறைவான வீடுகளில் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக்கூடாது; 1,600 பவுண்டு வீட்டுக்கு அது சுமார் 1,846 பவுண்டு. வாங்கிய 30 நாளுக்குள் அரசு ஏற்ற திட்டம் ஒன்றில் அதைப் பதிவு செய்திருக்க வேண்டும். செய்யத் தவறிய உரிமையாளர் மீது வழக்குத் தொடுத்தால், வைப்புத்தொகையைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் வழங்கலாம். பாக்கி பற்றிப் பேசும்போது இதையும் சரிபார்த்து வைத்துக்கொள்வது உங்கள் மகளுக்குக் கை கொடுக்கும்.

மற்றொரு மாற்றத்தையும் அவள் தெரிந்துகொள்ள வேண்டும். 2025-இல் நிறைவேறிய வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே 1 முதல் இங்கிலாந்தின் தனியார் வாடகை வீடுகளில் குறிப்பிட்ட காலத்துக்குக் கட்டிப்போடும் ஒப்பந்தங்கள் இல்லை; வாடகைதாரர் இரண்டு மாத அறிவிப்புத் தந்து வெளியேறலாம். ஆனால் கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் அப்படி அறிவிப்புத் தந்தால், அது மற்றவர்கள் அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையையும் சேர்த்தே முடித்துவிடும். கூட்டு வாடகைதாரர் ஒருவரின் அறிவிப்பே போதும் என்பதை அந்நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் அவை 1991-இலேயே உறுதிப்படுத்திவிட்டது. ஆகவே சென்ற பெண் உரிமையாளருக்கு முறைப்படி அறிவிப்புத் தந்தாரா, வெறுமனே சாவியை வைத்துவிட்டுப் போனாரா என்று மகள் உடனே விசாரிக்க வேண்டும். அறிவிப்புத் தரவில்லையென்றால் பழைய பொறுப்பு அப்படியே தொடர்கிறது. தந்திருந்தால், அந்த நாளுக்கு முன்பே எஞ்சிய மூவரும் புதிய ஒப்பந்தம் பேசியாக வேண்டும். பல்கலைக்கழகமே நடத்தும் விடுதிகளுக்கு இந்த மாற்றம் பொருந்தாது. அங்கே பெரும்பாலும் அறைவாரியான ஒப்பந்தமே இருக்கும். பல்கலைக்கழகத்தின் மாணவர் சங்க ஆலோசனை மையத்தில் ஒப்பந்தத்தை இலவசமாகப் படித்துச் சொல்வார்கள். ஏஜென்சியின் கடிதத்துக்குப் பதில் எழுதுமுன் மகள் அங்கே போய் வரட்டும்.

கேள்வி: சிதம்பரத்தில் என் வீட்டு மாடியில் மூன்று மாணவர்கள் குடியிருந்தார்கள். ரூ.18,000 பாக்கியோடு காலி செய்தார்கள். அவர்களில் ஒருவரின் தந்தை இறந்துவிட்டதால், ‘நீ தர வேண்டாம் தம்பி’ என்று சொல்லிவிட்டேன். அதைக் காரணம் காட்டி மற்ற இருவரும், ‘ஒருவரை விட்டால் எங்களையும் விட்டதாகத்தான் அர்த்தம்’ என்கிறார்கள். சரிதானா?
— வீட்டு உரிமையாளர், சிதம்பரம்

பதில்: சரியில்லை. கூட்டாக வாக்களித்தவர்களில் ஒருவரை விடுவிப்பது மற்றவர்களை விடுவிப்பதாகாது என்று ஒப்பந்தச் சட்டத்தின் 44ஆவது பிரிவு தெளிவாகச் சொல்கிறது. ரூ.18,000-ஐ மற்ற இருவரிடமும் நீங்கள் கேட்கலாம்.

ஆனால் அதே பிரிவு இன்னொன்றையும் சொல்கிறது. நீங்கள் விடுவித்த மாணவர், தம் நண்பர்களுக்குத் தர வேண்டிய பங்கிலிருந்து விடுபடுவதில்லை. முழுத் தொகையையும் மற்ற இருவரிடம் வாங்கினால், அவர்கள் தந்தையை இழந்த அந்த மாணவரிடம் ரூ.6,000 கேட்டுப் போக முடியும். நீங்கள் காட்டிய இரக்கம் அவரைச் சென்றடையாது. அவருக்கு உண்மையாகவே உதவ நினைத்தால், அவருடைய ரூ.6,000-ஐக் கணக்கிலிருந்தே தள்ளுபடி செய்து, மீதி ரூ.12,000 மட்டுமே தர வேண்டும் என்று மூவருக்கும் எழுதிக்கொடுங்கள். அப்போது மற்ற இருவரும் தங்கள் பங்கான ஆறாயிரத்தை மட்டுமே தருவார்கள். அவரிடம் கேட்க அவர்களுக்கு எதுவும் இருக்காது. வாடகை பாக்கிக்கு வழக்குத் தொடுக்கும் காலவரம்பு, அது தர வேண்டியதான நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் என்பதையும் நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. முதலாண்டு மாணவர்கள் மூவர் சேர்ந்து வீடு பார்த்திருக்கிறோம். மற்ற இருவருக்கும் பதினெட்டு நிறைந்துவிட்டது. நான் கையெழுத்திடலாமா?
— மாணவி, மதுரை

பதில்: வேண்டாம். பதினெட்டு வயது நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டிலிருந்து நம் நாட்டில் நிலைபெற்ற சட்டம். அதனால் உரிமையாளர் உங்களிடம் வாடகை கேட்டு வழக்காட முடியாது என்பது உங்களுக்குச் சாதகமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் கையெழுத்துச் செல்லாததால் மற்ற இருவரின் பொறுப்புக் குறையாது. மூவரின் வாடகையையும் அவர்கள் இருவர் மட்டுமே சட்டப்படி சுமப்பார்கள், உங்கள் பங்கை உங்களிடம் ஒப்பந்தப்படி கேட்கவும் அவர்களால் இயலாது. தோழிகளுக்கு அந்த நிலையை உண்டாக்க நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

உங்களுக்குப் பதிலாக உங்கள் தாயோ தந்தையோ வாடகைதாரராகக் கையெழுத்திடட்டும்; மூன்றில் ஒரு பங்குக்கு மட்டுமே பொறுப்பு என்று உரிமையாளர் ஒப்புக்கொண்டால் அதையும் ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பதினெட்டு நிறைந்தபின் பழைய கையெழுத்தை ஏற்றுக்கொள்வதாக எழுதிக்கொடுப்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. அந்த நாளுக்குப் பிறகு உங்கள் பெயரில் புதிதாகவே ஒப்பந்தம் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ளுங்கள்.